பத்து மணிச் சங்கு

பெல்மோரா எஸ்டேட்டின் கேட்டில் ஒரு கரடி நின்று கும்பிட்டது. வேஷத்துக்குள் இருந்த ஆள் யாரோ, காயாத கம்பளியின் வாடை அவனுக்கு முன்னால் வந்து ஜெஸிந்தாவின் மூக்கைத் தொட்டது. இடுப்பில் இருந்த கெஸியா அம்மாவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். இருபது மாதக் குழந்தைக்கு இருக்கிற விவரம்கூட இந்தப் பூங்காவைக் கட்டியவர்களுக்கு இல்லையே என்று ஜெஸிந்தாவுக்கு எரிச்சலாக வந்தது.

தேயிலை விலை விழுந்து நாலு வருஷம் ஆகியிருந்தது. குன்னூரைச் சுற்றி ஃபேக்டரிகள் ஒவ்வொன்றாகக் கதவடைத்தன. ஜெஸிந்தாவின் புருஷன் மனுவேல் வேலை பார்த்த ஃபேக்டரி வாரத்தில் மூன்று நாள்தான் ஓடியது. பெல்மோரா முதலாளி மட்டும் கெட்டிக்காரர். ஆட்களை அனுப்பிவிட்டு, கீழ்ச்சரிவில் செடியைப் பிடுங்கி எறிந்து, ராட்டினமும் பொம்மை ரயிலும் போட்டு, கேட்டில் கரடியையும் நிறுத்திவிட்டார்.

ஜெஸிந்தா குன்னூரில் நாச்சிமுத்துவின் டிராவல்ஸ் ஆபீசில் வேலை பார்த்தாள். கோயமுத்தூர் மில் ஒன்றிலிருந்து பதினோரு குடும்பங்கள் மே மாதம் இந்தப் பூங்காவுக்கு வருவதாக இருந்தது. எல்லாருக்கும் மூன்று வயதுக்குக் கீழே குழந்தை. எந்த விடுதியில் தங்க வைப்பது என்று பார்த்துச் சொல்லும் வேலை அவளுடையது. அதற்கு அவளிடம் ஒரு வழி இருந்தது. ரூமுக்குள் போனதும் புடவையைச் செருகிக்கொண்டு, மண்டியிட்டுத் தவழ்ந்து போய்ப் பார்ப்பாள். குழந்தையின் கண்ணுக்கு என்ன தெரியும், கைக்கு என்ன எட்டும், வாய்க்குள் எது போகும் என்பது அந்த உயரத்தில்தான் விளங்கும். ஆபீசில் அவளுக்கு இதனால் நிறையக் கேலி உண்டு.

கெஸியாவைக் கூட்டி வந்ததற்குக் காரணம் வேறு. பாலை மறக்கடிக்க ஆரம்பித்து நாலு நாள். மார்பில் வேப்பிலையை அரைத்துப் பூசியிருந்தாள். கெஸியா வாயை வைப்பாள், துப்புவாள், அழுவாள். புது இடத்தைப் பார்த்தால் மறந்துவிடும் என்று பக்கத்து வீட்டுக்காரி சொன்னதை நம்பி அழைத்து வந்தாள்.

மேனேஜர் தினகரன் வாயெல்லாம் பல்லாக வந்தான். "வாங்க மேடம். ஏனுங்க, பாப்பாவுக்கு ரயில் காட்டிட்டுப் போலாங்களா?"

"முதல்ல ரூமுங்க," என்றாள்.

ஏரிக்கரைக் குடிலில் படிக்குக் கைப்பிடி இல்லை. குழந்தை உருண்டால் நேரே தண்ணீர். வேண்டாம் என்றாள். பழைய ஃபேக்டரியின் மாடியை ரூமாக்கியிருந்தார்கள். இரும்புப் படி, இடுக்கில் துரு, எவனோ துப்பிய வெற்றிலை. அதுவும் வேண்டாம் என்றாள். தினகரனின் பல் கொஞ்சம் உள்ளே போயிற்று.

"அப்ப மழலை இல்லந்தாங்க. அதைப் பாத்தா வேற எதையும் பாக்க மாட்டீங்க."

சரிவின் கடைசியில் வெள்ளையடித்த நீளக் கட்டடம். ஒரே தளம், படி கிடையாது, தாழ்வான ஜன்னல், உள்ளே நீளமான ஒரே அறை. சுவரில் யானையும் முயலும் வரைந்திருந்தார்கள். உத்தரத்தில் வரிசையாக இரும்புக் கொக்கிகள் தொங்கின.

"தொட்டில் கட்டறதுக்குங்க. பழசுதான், ஆனா கெட்டி."

ஜெஸிந்தாவுக்குப் பிடித்துப்போயிற்று. குழந்தை வைத்திருக்கிறவர்களுக்கு இதைவிட வசதியாக வேறு என்ன வேண்டும்? கெஸியாவை இறக்கிவிட்டு, புடவையைச் செருகி, மண்டியிட்டாள்.

வாடை மூஞ்சியில் அறைந்தது.

புளித்த பால். குழந்தை கக்கி, துணியில் ஊறி, நாள் கணக்கில் துவைக்காமல் கிடந்த பால். அடிநாக்கு கசந்தது. எழுந்து நின்றாள். பெயின்ட் வாடை மட்டும்தான் இருந்தது. மறுபடி குனிந்தாள். முழங்கால் உயரத்தில் அந்த வாடை தண்ணீர் தேங்கினாற்போல அறை முழுக்க நின்றது.

"ஏங்க, இங்க பால் ஏதாவது கொட்டிச்சா?"

தினகரன் தொப்பை இடம் கொடுத்தவரைக்கும் குனிந்து மோந்தான். அவன் மூக்கு முழங்கால்வரை வரவில்லை. "எனக்கு ஒண்ணும் தெரியலீங்களே. புதுசா அடிச்ச பெயின்ட்டுங்க."

சுவரோரம் தவழ்ந்து போனாள். தரையிலிருந்து ஒரு முழ உயரத்துக்குப் பெயின்ட் காயவே இல்லை. சின்னச் சின்னதாக விரல் இழுத்த தடங்கள் தெரிந்தன. தொட்டுப் பார்த்தாள். பெயின்ட் இல்லை. காய்ச்சிய பாலின் மேல் படியும் ஆடை மாதிரி ஏதோ ஒன்று விரலோடு நூலாக வந்தது. புடவையில் துடைத்தாள். போகவில்லை. மறுபடியும் துடைத்தாள்.

அப்போது தரை துடைக்க ஒரு பெண் வந்தாள். ஐம்பது வயது இருக்கும். பெயர் கருப்பம்மா என்று தினகரன் சொன்னான். அவள் அறைக்குள் கால் வைக்கவில்லை. வாசலில் நின்றபடியே கெஸியாவைப் பார்த்துக் கை நீட்டினாள்.

"புள்ளைய இங்க விடாதீங்க. நான் முயலு காட்டுறேன். வெளிய இருக்கட்டும்."

கெஸியா முயல் என்றதும் போய்விட்டாள். தினகரனை யாரோ வந்து கூப்பிட, அவனும் நகர்ந்தான். போகிற போக்கில் திரும்பி, "பத்து மணிக்குப் பழைய ஃபேக்டரிச் சங்கை ஊதுவோமுங்க, பயந்துக்காதீங்க. பொம்மை ரயில் கிளம்பறதுக்கு. டூரிஸ்ட்டுகளுக்கு ரொம்பப் புடிக்குது," என்றான்.

பனிமூட்டம் சரிவில் ஏறி வந்து ஜன்னல்களை மூடியது. அறையில் இன்னும் பல்பு போடவில்லை. பகல் பத்து மணிக்கே உள்ளே மசமசவென்று ஆனது. இந்த வாடைக்கு ஒரு காரணம் தெரியாமல் போவதில்லை என்று ஜெஸிந்தா பிடிவாதமாகத் தவழ்ந்தாள். சுவரோரம் போட்டிருந்த கட்டிலுக்கு அடியில் எட்டிப் பார்த்தாள். அங்கே நாலு அலுமினியத் தம்ளர்கள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றிலும் பால். மஞ்சளித்துத் தடித்த ஆடை. ஆடைக்கு மேல் ஏதோ நெளிந்தது.

வாயைப் பொத்திக்கொண்டு பின்னால் நகர்ந்து தரையில் உட்கார்ந்தாள்.

சங்கு ஊதியது.

அடிவயிற்றிலிருந்து எழும்புகிற, நீளமான, கரகரத்த சத்தம். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. அவள் மார்பு இரண்டும் கல்லாக இறுகின. நாலு நாளாகக் கட்டிக்கிடந்த பால் தானாகவே சுரந்து ரவிக்கையை நனைத்தது.

பின்னால் சத்தம் கேட்டது. உள்ளங்கை தரையில் பதியும் சத்தம். சப். சப். சப்.

கெஸியா சங்குக்குப் பயந்து ஓடி வந்துவிட்டாள் என்று நினைத்தாள். திரும்பாமலே கையை நீட்டினாள். குழந்தை மடியில் ஏறி ரவிக்கையை இழுத்தது. போகட்டும், வேப்பிலை இருக்கிறதே, தானே துப்பும் என்று விட்டுவிட்டாள்.

துப்பவில்லை.

இழுத்து இழுத்துக் குடித்தது. வாய் சில்லென்று இருந்தது. ஜெஸிந்தா பழக்கத்தில் தலையைத் தடவினாள். உச்சந்தலை ஈரமாக இருந்தது. முடி கையோடு வந்தது.

கெஸியாவுக்கு எட்டுப் பல் முளைத்திருந்தது. இந்த வாயில் பல்லே இல்லை.

வெளியே, பனிக்கு அந்தப் பக்கம், கெஸியா முயலைப் பார்த்துச் சிரிக்கிற சத்தம் கேட்டது.

ஜெஸிந்தா குனிந்து பார்க்கவில்லை. பார்த்திருந்தால் எழுந்திருக்க மாட்டாள். இரண்டு கையாலும் தள்ளினாள். கைக்கு ஒன்றும் தட்டுப்படவில்லை. மடி காலியாக இருந்தது. ரவிக்கையில் மட்டும் திரிந்த பால் கட்டி கட்டியாக வழிந்தது. அதற்குள் அறையின் மற்ற மூலைகளிலிருந்து அந்தச் சத்தம் புறப்பட்டது.

சப். சப்.

ஒன்று. இரண்டு. மூன்று. அவளை எட்டியதும் நின்றுவிட்டன. முறை வரும் என்று காத்திருக்கிற மாதிரி நின்றன.

அவள் எப்படி வெளியே வந்தாள் என்று அவளுக்கே தெரியாது. முயல் கூண்டருகே கெஸியாவைப் பிடுங்கித் தூக்கினாள். கருப்பம்மா அவள் ரவிக்கையைப் பார்த்தாள்.

"குடிச்சிருச்சா?" என்றாள் மெதுவாக.

ஜெஸிந்தா முந்தானையை இழுத்து மூடினாள்.

"இது புள்ளக் காம்பராங்க, கொழுந்தெடுக்கிறவங்க புள்ளைகள விட்டுட்டுப் போற எடம். சிலோன்ல இருந்து வந்த நாள்லேருந்து நாந்தான் இங்க ஆயா. பத்து மணிக்குச் சங்கு ஊதுனா பால் குடுக்கிற பொம்பளைங்க கூடையை மலையிலயே வச்சிட்டு ஓடியாருவாங்க. தரையில உக்காருவாங்க. எம் புள்ள, உம் புள்ளன்னு பாக்கிறதில்ல. எது முதல்ல மடியில ஏறுதோ அதுக்குக் குடுப்பாங்க."

"அந்தத் தம்ளர்..."

"நாந்தான் வைக்கிறேன், சங்கு நேரம் கழிஞ்சப்புறம். அதுக தொடுறதில்ல." கருப்பம்மா துடைப்பத்துணியை முறுக்கினாள். "ஃபேக்டரிய மூடுனாங்க. சங்கு நின்னுருச்சு. தாய்மாருங்க வேற எஸ்டேட்டுக்குக் அன்னாடக் கூலிக்கு, கைக்காசு வேலைக்குப் போயிட்டாங்க, பொழுது சாஞ்சுதான் வருவாங்க. சம்பளத்துக்குப் பதிலு ஆபீஸ்ல பால்மாவு குடுத்தாங்க. மூட்டையப் பிரிச்சா பூச்சி. சலிச்சுக் கரைச்சுக் குடுத்தேன்."

"தெரிஞ்சேவா குடுத்தீங்க?"

"பசியில கத்துதுங்களே, நான் என்ன பண்ண? ஒரே வாரத்துல நாலு போயிருச்சு. சங்கு ஊதுனா அம்மா வரும், அது ஒண்ணுதான் அதுகளுக்குத் தெரியும். இப்ப தெனமும் ஊதுறாங்க. யாரும் வர்றதில்ல. இன்னிக்கு நீங்க வந்து தரையில உக்காந்துட்டீங்க."

ஜெஸிந்தா அங்கேயே, முயல் கூண்டுக்குப் பக்கத்தில், குடல் வெளியே வருகிற மாதிரி வாந்தி எடுத்தாள். பூச்சி மாவைச் சம்பளமாகக் கொடுத்தவனை நினைத்து எடுத்தாள். அதைச் சலித்தவளை நினைத்து எடுத்தாள். அந்தச் சுவரிலேயே முயல் படம் வரைந்து குழந்தைகளைக் கூப்பிடுகிற ஜென்மங்களை நினைத்து எடுத்தாள். கரடி ஓடி வந்து தண்ணீர் கொடுத்தது. அதை வாங்கவும் அருவருப்பாக இருந்தது.

ஆபீசில், பெல்மோரா ஆகாது என்று ஒரே வரி எழுதிக் கொடுத்தாள். நாச்சிமுத்து முணுமுணுத்தார். பிறகு பதினோரு குடும்பங்களையும் ஊட்டியில் வேறு விடுதிக்கு மாற்றிவிட்டார். அந்தப் பாரம் இறங்கியது.

வீட்டில் வேறு ஒன்று ஆரம்பித்தது. கெஸியா பாலை மறந்துவிட்டாள். கூடவே சாப்பாட்டையும் மறந்துவிட்டாள்.

கொடுக்கிற பாலையும் கஞ்சியையும் வாயில் வைக்கமாட்டாள். தம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சுவரோரம் நடப்பாள். தரையில் கொஞ்சம் ஊற்றுவாள். தள்ளிப் போய்க் கொஞ்சம் ஊற்றுவாள். காலித் தம்ளரோடு திரும்பி வருவாள். ஜெஸிந்தா துணி எடுத்துக்கொண்டு போவதற்குள் தரை காய்ந்திருக்கும். ஈரம்கூட இருக்காது.

நாலு நாளில் குழந்தையின் கன்னம் ஒட்டிப்போயிற்று. டாக்டர் டானிக் எழுதினார். அதையும் ஊற்றினாள். மனுவேல் மாதா கோவிலுக்குத் தூக்கிப் போய் சாமியாரிடம் மந்திரித்து, மந்திரித்த தண்ணீரை வீடெல்லாம் தெளித்தான். எட்டாம் நாள் கெஸியாவால் நிற்க முடியவில்லை. உட்கார்ந்தபடியே தம்ளரைச் சாய்த்தாள். ஆஸ்பத்திரியில் படுக்கை கேட்டு மனுவேல் அலைந்துகொண்டிருந்தான்.

அன்றைக்குத்தான் தினகரன் ஆபீசுக்குப் போன் செய்தான். லீவில் இருக்கிறாள் என்று சொன்னதும் அவள் வீட்டுக்குப் பக்கத்துக் கடை நம்பரை வாங்கி அங்கே அடித்தான்.

"மேடம், அந்த ரூமை மறுபடி வந்து பாருங்க. நீங்க சொன்னீங்களேன்னு ஆளை விட்டுத் தரையோட படுத்து மோந்து பாக்கச் சொன்னேன். ஒரு வாடையும் இல்லீங்க. சுவர்கூட நல்லாக் காஞ்சிருச்சு. நீங்க போன அன்னிக்கே போயிருச்சுன்னு கருப்பம்மா சொல்லுது."

ஜெஸிந்தா ரிசீவரை வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தாள். வெயில் நன்றாக அடித்தது. கெஸியா பாயில் சுருண்டு கிடந்தாள். தலைமாட்டில் பக்கத்து வீட்டுக்காரி வைத்துவிட்டுப் போன ஒரு தம்ளர் பால் இருந்தது. அதைப் பார்க்கக்கூடக் குழந்தைக்குத் தெம்பு இல்லை.

கூடவே வந்துவிட்ட அந்தக் குழந்தைகளின் பங்கைத் தானே கொடுத்துவிடலாம், தன் குழந்தை சாகாமல் இருந்தால் போதும். ஜெஸிந்தா அதை வாய்விட்டே சொன்னாள். அழுதுகொண்டே கதவைத் தாழிட்டாள்.

கடிகாரத்தில் மணி பத்து. குன்னூரில் சங்கு எதுவும் ஊதவில்லை. ஆனாலும் மார்பு இறுகியது.

தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தாள். ரவிக்கையை அவிழ்த்தாள்.

"வாங்க," என்றாள். குரல் காற்றாகத்தான் வந்தது.

சப். சப். சப்.

சிமென்ட் தரையில் உள்ளங்கைகள் பதிந்து வந்தன. புளித்த வாடை முழங்காலைச் சுற்றிக்கொண்டது. சில்லிட்ட, பல் இல்லாத வாய் ஒன்று பற்றியது. ஜெஸிந்தாவுக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. பல்லைக் கடித்து விழுங்கினாள். உடம்பு முழுக்கத் தோலை உரித்துப் போட வேண்டும்போல் இருந்தது. கையை மட்டும் எடுத்து அந்த ஈரத் தலைக்குத் தாங்கல் கொடுத்தாள். கண்ணை மூடவில்லை. கெஸியாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கெஸியா தலையைத் திருப்பினாள். அம்மாவின் மடியைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு ஒரு கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்து, தம்ளரை இழுத்து, வாயில் வைத்து மடக்கென்று ஒரு வாய் குடித்தாள்.

மடியில் இருந்தது இறங்கியது. இரண்டாவது ஏறியது. கெஸியா இன்னொரு வாய் குடித்தாள். மூன்றாவது இறங்கி நாலாவது ஏறியபோது தம்ளரில் பாதி குறைந்திருந்தது. குழந்தையின் உதட்டுக்கு மேல் பால் மீசை. ஜெஸிந்தா தேம்பித் தேம்பி அழுதாள். சந்தோஷத்தில்தான் அழுதாள். அவ்வளவுதான், முடிந்தது என்று நாலாவதும் இறங்கியதும் ரவிக்கையை இழுத்து மூடினாள்.

கெஸியா தம்ளரை வாயிலிருந்து எடுத்துக் கீழே வைத்துவிட்டாள்.

நாலு என்றுதான் கருப்பம்மா சொன்னாள்.

கதவருகே, ஒரு மூலையில் ஆரம்பித்து அடுத்த மூலைவரை, உள்ளங்கைகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தரையில் பதிந்தன. ஐந்தாவது அவள் மடியில் ஏறியது.