மேசைமேல் கூடிவரும் முகம்

முந்தின இரவு ஹில்டே வெறுமையாக விட்டுப்போன இடத்தில், காலையில் இடது கண் வந்து உட்கார்ந்திருந்தது.

ஒவ்வொரு குளிர்காலத்திலும் அவளும் கணவன் ரூலோஃபும் சேர்ந்து ஒரு ஜிக்சா படம் அடுக்குவார்கள். லைடன் நகரத்துக் கால்வாயோரம் இருக்கும் அவர்கள் வீட்டு முன்னறை மேசையில் அட்டைத் துண்டுகளைக் கொட்டி, விளிம்பு முதலில், நடு கடைசியில் என்று ஒரு முறை வைத்திருந்தார்கள். பெட்டி மூடியிலிருக்கும் படத்தைப் பார்க்கக் கூடாது. ஒருவர் இல்லாமல் மற்றவர் ஒரு துண்டும் வைக்கக் கூடாது. கல்யாணத்தன்று சொன்ன வாக்கெல்லாம் எப்படியோ, இது மட்டும் தவறியதில்லை. இந்த வருஷம் ரூலோஃப் பழைய சாமான் கடையிலிருந்து வாங்கி வந்தது, ரெம்ப்ராண்ட் தள்ளாத வயதில் தன்னைத்தானே வரைந்துகொண்ட ஓவியம்.

"ரூலோஃப், கண்ணை நீ வெச்சியா?"

அடுக்களையில் ஆப்பிள் கேக்கின்மேல் சர்க்கரை தூவிக்கொண்டிருந்தவன் திரும்பவில்லை. "பிறந்தநாள்காரி காலங்காத்தாலயே சண்டைக்கு வந்தாச்சா? தூக்கக் கலக்கத்துல நீயே வெச்சிருப்ப."

மத்தியானம் விருந்தாளிகள் வருவார்கள் என்பதால் அவள் அதை அப்படியே விட்டுவிட்டு நாற்காலிகளை வட்டமாகப் போடத் தொடங்கினாள். வெளியே மழை கால்வாய்த் தண்ணீரைத் தட்டிக்கொண்டிருந்தது. வீட்டுக்குள் கேக்கின் இலவங்கப்பட்டை வாசத்துக்கு அடியில், யாரோ அப்போதுதான் தூரிகையைக் கழுவி வைத்ததுபோல, ஆளிவிதை எண்ணெயின் கனத்த நெடி ஒன்று மெல்ல ஊறிவந்தது. அவள் முதுகு திரும்பும்போதெல்லாம் அட்டைக்குள் அட்டை பொருந்தும் சின்னச் சத்தம் கேட்டது. டொக். அறையைச் சூடேற்றும் குழாய்தான் சூட்டில் விரிகிறது என்று எண்ணிக்கொண்டாள். அடுத்த நாற்காலியோடு வந்து பார்த்தபோது மூக்கு முடிந்திருந்தது.

கிழவரின் குமிழ் மூக்கு அல்ல. மெல்லியது. நுனி சற்றே இடப்பக்கம் சாய்ந்தது.

டொக். மேலுதடு. அதன் ஓரத்தில், அவளுக்குச் சிறுவயதில் அம்மை போட்டு விட்டுப்போன குழி.

இத்தனை வாரமும் ரூலோஃப் அங்கியையும் இருட்டுப் பின்னணியையும் மட்டுமே அடுக்கிக்கொண்டிருந்தது அவளுக்கு இப்போதுதான் உறைத்தது. முகத்துத் துண்டு ஒன்றைக்கூட அவன் தொட்டதில்லை. எல்லாவற்றையும் அவள் பக்கமாகவே ஒதுக்கித் தள்ளியிருந்தான்.

"இங்க வா. வந்து இதைப் பாரு."

அவன் வாசற்படிவரை வந்தான். பார்வை அவள் செருப்பின்மேலேயே இருந்தது. "பார்க்க மாட்டேன்."

"ஏன்?"

"நீ தங்கச்சி வீட்டுக்குப் போயிருந்தப்ப நான் தனியா ஆரம்பிச்சேன். பாதி முகம் வந்ததும் அது என்னை மாதிரியே ஆயிடுச்சு, ஹில்டே. சவரம் பண்ணலாம்னு போனா, கண்ணாடியில எனக்குத் தாடையே இல்ல. உடனே எல்லாத்தையும் கலைச்சேன். தாடை திரும்பி வந்துடுச்சு. ஆனா பெட்டிக்குள்ள இருந்து என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கிட்டே இருந்துச்சு. தூங்க விடல. வேற ஆள் அடுக்க ஆரம்பிச்சாத்தான் என்னை விடும்னு புரிஞ்சுது."

"வேற ஆளா? நானா?"

"நீ வேகமா அடுக்குவ," என்றான், பாராட்டுவதுபோல.

"கண்ணு?"

"கண்ணை மூடிக்கிட்டு நான்தான் வெச்சேன். அது ஒண்ணு வந்துட்டா மிச்சம் தானா வந்துடும்."

ஹில்டே பாய்ந்து கன்னத்துத் துண்டைப் பிடுங்கப் பார்த்தாள். தன் கன்னமே நகத்தில் கிழிந்ததுபோல எரிந்தது. துண்டு அசையவில்லை. டொக். நெற்றி. டொக்.

அழைப்பு மணி அடித்தது. ரூலோஃப் சட்டையை நீவிக்கொண்டு போய்க் கதவைத் திறந்தான்.

அல்பெர்ட்டா அத்தை முதலில் வந்தாள், பின்னாலேயே தங்கை வில்லமைன். இந்த ஊரில் ஒருவருக்குப் பிறந்தநாள் என்றால் வட்டத்தில் இருக்கும் அத்தனை பேருக்கும் கைகுலுக்கி வாழ்த்துச் சொல்ல வேண்டும்.

"பொண்டாட்டி பிறந்தநாளுக்கு வாழ்த்துக்கள்டா, ரூலோஃப்! இந்தத் தடவையாவது கேக்கை என் கண்ணுக்குத் தெரியற அளவுக்கு வெட்டு. வில்லமைன், அக்கா பிறந்தநாளுக்கு வாழ்த்துக்கள்டி."

ஹில்டே கையை நீட்டியபடி நாற்காலிப் பக்கத்தில் நின்றாள். அத்தையின் கை அந்தக் கையைத் தாண்டிப் போனது. அத்தை மேசையருகே நின்றாள். குனிந்தாள்.

"என்னம்மா ஹில்டே, இப்படி வெளுத்துப் போயிருக்க? வாழ்த்துக்கள், கண்ணு."

"நன்றி அத்தை," என்றது ஹில்டேயின் குரல், மேசைமேலிருந்து. "உட்காருங்க. கேக் சாப்பிடுங்க."

வில்லமைனும் குனிந்து அதற்கு முத்தம் கொடுத்தாள்.

ஹில்டே கத்தினாள். சத்தம் வரவில்லை. மறுபடி கத்தினாள். திறப்பதற்கு வாய் இல்லை.

ரூலோஃப் அன்றைக்கு முதல்முறையாக மேசையைப் பார்த்தான். பார்த்துச் சிரித்தான். முதல் துண்டு கேக்கைத் தட்டில் வைத்து, பரிவோடு, அந்த முகத்தின் பக்கத்தில் நகர்த்தினான்.

அவள் கையை உயர்த்தித் தன் முகத்தைத் தேடினாள். மூக்கு இல்லை. உதடு இல்லை. முகம் இருந்த இடத்தில் விரலுக்குத் தட்டுப்பட்டது வழவழப்பான, குளிர்ந்த மேசைப்பலகை. அதைச் சுற்றி, காதிலிருந்து காதுவரை, வளைந்து வளைந்து போகும் அட்டை விளிம்பு.