செம்மண் குவியலில் வெண்கல விளக்கு

பதிகம் ஓதி முடித்து லோகாம்பாள் எழுந்தபோது வாசலில் கிரேஸ் நின்றிருந்தாள். காஞ்சியின் மதிலை மாலைபோல் சூழ்ந்திருந்து, பின்னர் தூர்ந்துபோன பேரகழியைப் பிள்ளையார்பாளையத்துக்கு அப்பால் தொல்லியலார் அகழ்ந்துவந்தனர். அங்கே மண் சுமப்பவள் அவள்.

“காலையில அகழியோட அடியில ஒரு வெண்கல வெளக்கு கெடைச்சுதும்மா. அங்கயே விட்டுவெச்சிருந்தாங்க, சோத்து நேரத்துல காணாமப் போச்சு. அப்புறம் மண்ணு குவியல்ல பொதைஞ்சு கெடந்துச்சு. நான் கூடையில மறைச்சுக் கொண்டாந்து கொட்டுனத கண்ணால பாத்தேன்னு கான்ட்ராக்டர் அப்பாதுரை சாதிக்கிறாரு. நான் அந்தக் குவியலாண்டயே போவலன்னா யாரும் காது குடுக்கல. திருடின்னு கத்துறாரும்மா! சாயங்காலம் போலீசாம்.”

காவல்துறையில் ஆய்வாளராக இருந்து ஓய்வுபெற்ற லோகாம்பாளின் முகம் சிவந்தது, குரல் உயரவில்லை. உதவியாளன் பாலாஜியுடன் புறப்பட்டார்.

அகழியின் ஒரு கரையில், மேலே மூடியிருந்த செம்மண் குன்றாகக் குவிந்து உலர்ந்திருந்தது. மறுகரையில் பெரியநாயகியும் மற்றப் பெண்களும் அகழியின் அடியிலிருந்து வந்த ஈரக் கருவண்டலைச் சலித்துக்கொண்டிருந்தனர்.

“விளக்கு அந்த வண்டல்லதான் கிடைச்சுது மேடம்,” என்றார் ஆய்வை நடத்தும் விக்ரம். “காலையில வண்டல் தட்டுப்பட்டதுமே எல்லாக் கூடையும் அந்தப் பக்கம் போகச் சொல்லிட்டேன்.”

“இவருமேலதாம்மா எனக்கு டவுட்டு,” என்று பாலாஜி காதோரம் கிசுகிசுத்தான்.

“வாய மூடுப்பா.”

ஒப்பந்தக்காரர் அப்பாதுரை குடைநிழலில் நின்றபடி செருப்பைப் புல்லில் ஓயாது தேய்த்துக்கொண்டிருந்தார். “மதியம்தான் வாலாஜாபாத்துலேர்ந்து வந்தேன். குழிக்குள்ள நான் எறங்குறதே இல்ல. இவ கீழேர்ந்து கூடை நெறைய மண்ணத் தூக்கியாந்து இதோ, இங்க கவுத்தா. உள்ள வெளக்கு தெரிஞ்சுது.”

லோகாம்பாள் எல்லோரையும் குவியலருகே அழைத்தார். விளக்கு கிடந்த இடத்தைக் கையால் கிளறினார்.

“கூடை நெறைய அகழி மண்ணு கொட்டுனா இங்க கருப்பா இருக்கணுமே. ஒரு பிடி வண்டல் காட்டுங்க பாக்கலாம். மேல, கீழ, எல்லாம் காஞ்ச செம்மண்ணு. இன்னைக்குக் கூடைங்க வேற கரைக்குப் போவுதுன்னு தெரியாம, பழைய வழக்கத்த வெச்சுப் பொய்யக் கட்டிட்டீங்க. வெளக்க இங்க கையால பொதைச்சிருக்காங்க. குழியிலயே எறங்காத உங்க செருப்புல அந்தக் கருவண்டல் எப்படி வந்துச்சு? சோத்து நேரத்துல எடுத்தீங்க. ஒளிச்சது கெடைச்சதும், எதுத்துப் பேச முடியாதவன்னு நெனைச்சு இவமேல பழியப் போட்டீங்க. வெக்கமா இல்ல?”

அப்பாதுரையின் கால் நின்றது. “சரி, விடும்மா கிரேஸ். நாளைக்கே வேலைக்கு வந்துடு.”

“உங்க வேலை யாருக்கு வேணும்?” என்றாள் கிரேஸ். “என்னத் திருடின்னு அகழி முழுக்கக் கேக்குற மாதிரி கத்துனீங்களே. அதே கொரலுல சொல்லுங்க, யாரு திருடன்னு.”

அவர் உதடுகள் அசைந்தன.

“ஒண்ணும் கேக்கலையே!” என்று மறுகரையிலிருந்து பெரியநாயகி சல்லடையை நிறுத்திவிட்டுக் கூவினாள்.