தவமணியின் ஆயுள் சான்று

வளர்பிறை நகர் குடிப்பதிவு அலுவலகத்தில் செவ்வாய்க்கிழமை இறந்தவர்களுக்கான நாள். காலை பத்து முதல் பன்னிரண்டு வரை, இரண்டாம் எண் கவுண்ட்டர். தவமணி இறந்து நான்கு மாதங்கள் ஆகியிருந்தன; ஒரு செவ்வாய்கூடத் தவறவிடாமல் வந்துகொண்டிருந்தார். முன்பெல்லாம் அவருக்கு முன்னால் இரண்டு பேர் நிற்பார்கள். அவர்கள் வருவதை நிறுத்திவிட்டார்கள். ஏன் என்று யாரும் விசாரிக்கவில்லை.

நகரம் என்றதும் பெரிதாக எதையும் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். நிலவின் தரைக்கடியில், எரிமலைக் குழம்பு ஒரு காலத்தில் ஓடி முடித்துக் காலி செய்துவிட்டுப் போன மூன்று குழாய்கள். அவற்றில் நாலாயிரம் தமிழர்கள். பெயர் மட்டும் பிரமாதம். இங்கே தலைக்கு இவ்வளவு என்று காற்றுப்படி உண்டு. எல்லோருடைய முன்கையிலும் ஒரு சில்லு. அறைக்குள் எத்தனை சில்லு இருக்கிறதோ அத்தனை பேருக்கான காற்று உள்ளே வரும். ஆளில்லாத அறையில் காற்றை விட்டுவைக்கும் ஊதாரித்தனம் கிடையாது. அரை மணி நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, கதவைப் பூட்டிக்கொண்டு, காற்றை உறிஞ்சி ஆளுள்ள அறைகளுக்கு அனுப்பிவிடும். உறிஞ்சத் தொடங்கிய அறையின் கதவை, முடியும்வரை அல்லது உள்ளே ஆள் உண்டு என்று கணக்கு மாறும்வரை, எந்தக் கொம்பனாலும் திறக்க முடியாது. யார் இருக்கிறார், யார் இல்லை என்று தீர்மானிப்பது குடிப்பதிவு. அது ஓடுவது ஒரே ஒரு கணினியின் தாய்ப்பலகையில்.

அந்தத் தாய்ப்பலகையை நாற்பத்தொரு வருடங்களுக்கு முன்னால் கொண்டுவந்து பொருத்திய குழுவில் தவமணியும் ஒருவர். அப்போது அவருக்கு இருபத்தேழு வயது. குழுவில் இருந்த மற்றவர்கள் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். இவர் ஓய்வு பெற்று எட்டு வருடம் ஆகிறது. போன வருடம் இதயம் பழுதாகி, அதற்குப் பதில் விசை இதயம் வைத்தார்கள். அருமையான சாமான். ரத்தத்தை ஒரே சீராகத் தள்ளிக்கொண்டே இருக்கும், துடிக்காது. துடிக்காததால் நாடி கிடையாது. அங்கேதான் வினை வந்தது. வருடா வருடம் ஆயுள் சான்று வாங்க மணிக்கட்டை நீட்டினால், இயந்திரம் நாடியைத்தான் தேடும். மூன்று முறை தேடியது, கிடைக்கவில்லை, இறந்தவர் என்று எழுதிக்கொண்டது, அடியில் பதிவு அலுவலரின் கையெழுத்தையும் வாங்கிக்கொண்டது.

அன்றிலிருந்து அவருக்குக் காற்றுப்படி இல்லை, கதவும் திறக்காது. தங்கை வீட்டில் ஒண்டிக்கொண்டு, தங்கை குடும்பத்துக் காற்றில் பங்கு போட்டுச் சுவாசித்தார். வெளியே போனால் யாருடைய முதுகையாவது ஒட்டிக்கொண்டு கதவுகளைத் தாண்டுவார். காற்று குறைந்தால் கீச்சிட்டு எச்சரிக்க, பழைய காலத்து மூச்சுமானி ஒன்றைக் கழுத்தில் மாட்டியிருந்தார்.

"மூச்சு விடுறேனே தம்பி, கண்ணுக்குத் தெரியலையா?" என்றார் அன்றும்.

"எனக்குத் தெரியுதும்மா," என்றான் கண்ணாடி அறைக்குள் இருந்த பதிவு அலுவலர் சுதர்சன். "ஃபார்ம்ல நாடின்னுதான் கட்டம் இருக்கு. மூச்சுன்னு கட்டமே இல்லையே, நான் என்ன பண்ண?"

"நாலு மாசமா இதையே சொல்றே."

"இன்னிக்கு அப்டேட் வருதும்மா, பூமியிலேர்ந்து. விசை இதயம் வச்சவங்களுக்கும் அதுல வழி பண்ணியிருக்காங்களாம். பத்து நிமிஷம் உக்காருங்க. முடிஞ்சதும் மொதல் சான்று உங்களுக்குத்தான்."

சுதர்சன் கெட்டவன் இல்லை. முப்பத்து நான்கு வயது. இருபது நாளைக்கு முன் பெண் குழந்தை பிறந்தபோது, வரிசையில் நின்ற எல்லோருக்கும் லட்டு கொடுத்தான். இறந்தவர்களுக்கும் ஆளுக்கொன்று கொடுத்தான்.

தவமணி பெஞ்சில் உட்கார்ந்தார். நான்கு மாதங்களில் முதல்முறையாக அவருக்குக் கொஞ்சம் நம்பிக்கை வந்தது.

வந்தது நிலைபொருள் புதுப்பிப்பு. தாய்ப்பலகை கண் விழித்ததும் தான் யார், தன்னோடு என்னென்ன இணைந்திருக்கிறது என்று அதற்குச் சொல்லித்தரும் அடிப்படை ஆணைகள்தான் நிலைபொருள். அதை மாற்றினால் பலகையை ஒருமுறை அணைத்து எழுப்பியாக வேண்டும். நாற்பத்தொரு வருடமாக அணையாத பலகை அன்று பத்து விநாடி அணைந்தது. விளக்குகள் போயின, வந்தன. சுதர்சனின் தலைக்கு மேலிருந்த காற்றுத்துளை மட்டும் 'டக்'கென்று மூடிக்கொண்டது.

அவன் திரையில் ஒரு வரி வந்தது: 'இந்த எண்ணுக்குரியவர் இன்னும் பிறக்கவில்லை.'

ஒலிபெருக்கியில் கட்டுப்பாட்டு அதிகாரி பஞ்சநாதனின் குரல் அலறியது. "சுதர்சன், உன் பக்கம் என்ன காட்டுது? எனக்கு 'தம்பி, பெரியவர் யாரையாவது அழைத்து வா'ன்னு வருதுய்யா!" பஞ்சநாதனுக்கு வயது ஐம்பத்தொன்று.

சுதர்சன் எல்லோரும் செய்வதைச் செய்தான். திரையை அணைத்துப் போட்டான். கம்பியைப் பிடுங்கி, முனையை ஊதி, மறுபடி செருகினான். பெட்டியின் மண்டையில் இரண்டு தட்டு தட்டினான். கதவருகே போய் முன்கையைக் காட்டினான், திறக்கவில்லை. பிறகு கண்ணாடியை இரண்டு கைகளாலும் அறைந்து, "நான் இருக்கேன்! இங்கதான் இருக்கேன், பாரேன்!" என்று கத்தினான். இயந்திரத்தைப் பார்த்துத்தான் கத்தினான்.

பதறிப்போன தவமணி எழுந்து வந்து கதவில் கை வைத்தார். கதவு சட்டென்று திறந்தது. 'வணக்கம், தொழில்நுட்பர் தவமணி. வயது இருபத்தேழு' என்றது.

ஒரு கணம் நின்றார். பிறகு, "அடப்பாவிகளா, தேதி போயிடுச்சு!" என்றார்.

விஷயம் அவ்வளவுதான். புதுப்பிப்பு, பழைய அமைப்புகளை எல்லாம் துடைத்துவிட்டது. பலகை, தான் செய்யப்பட்ட வருடத்துக்கே போய் நின்றுகொண்டது. அதன் கணக்கில் நாற்பத்தொரு வயதுக்கு உட்பட்ட எவரும் இன்னும் பிறக்கவில்லை. ஐம்பது வயதுக்காரர்கள் சின்னப் பிள்ளைகள். தவமணி ஓய்வு பெறவில்லை, சாகவுமில்லை. எல்லாக் கதவையும் திறக்கும் அனுமதியோடு பணியில் இருக்கிறார். பலகை அறைக்குள் நுழையக்கூடிய ஒரே ஆள் அவர்தான்.

"அம்மா," என்றான் சுதர்சன். "தொட்டில் அறை..."

நிலவில் பிறக்கும் குழந்தைகளை முதல் நூறு நாள் தொட்டில் அறையில் அடர்ந்த காற்றில் வைத்திருப்பார்கள். பார்த்துக்கொள்வது இயந்திரச் செவிலிகள். அன்று உள்ளே ஒன்பது குழந்தைகள். பலகையைப் பொறுத்தவரை அந்த அறையில் ஒருவரும் இல்லை.

இருவரும் ஓடினார்கள். வழியெங்கும் கதவுகளுக்குப் பின்னாலிருந்து அடிக்கும் சத்தம். எல்லாவற்றையும் திறந்துவிட நேரமில்லை. தவமணி காதை மூடிக்கொள்ளவில்லை, நிற்கவும் இல்லை.

பலகை அறை ஒருவர் மட்டுமே நுழையும்படி கட்டப்பட்டது. தூசு போகக் கூடாது என்று கதவு தானே சாத்திக்கொள்ளும். சுதர்சன் கண்ணாடிக்கு வெளியே நின்றான். உள்ளே தவமணி மூடியைக் கழற்றினார். முதலில் நினைவுத் தகடுகளை ஒவ்வொன்றாக உருவி, துடைத்து, அழுத்திப் பொருத்தினார். இணைப்புகளை ஆட்டிப் பார்த்தார். எல்லாம் கல்லு மாதிரி இருந்தன. தேதியை மாற்றிப்போட்டு எழுப்பினால், எழுந்ததும் பழைய வருடத்துக்கே ஓடியது. பலகையின் மூலையில், நகம் அளவு வட்டமான மின்கலம் ஒன்று. மின்சாரம் இல்லாத நேரத்தில் தேதியை ஞாபகம் வைத்துக்கொள்வது அதன் ஒரே வேலை. அளந்து பார்த்தார். சுத்தமாகச் செத்திருந்தது. மின்சாரமே போகாத நாற்பத்தொரு வருடத்தில் அதை யார் நினைத்தார்கள்!

"புதுசு இருக்கா?" என்றார் பேசுகுழலில்.

"இந்த மாதிரி நான் பார்த்ததே இல்லம்மா. ஐயோ, தொட்டில் அறையில உறிஞ்ச ஆரம்பிச்சுடுச்சுன்னு இங்க அறிவிப்புத் திரையில வருது. சீக்கிரம்மா!"

தவமணி கழுத்திலிருந்த மூச்சுமானியைக் கழற்றினார். அதன் முதுகைத் திறந்து, உள்ளேயிருந்த மின்கலத்தை எடுத்துப் பலகையில் பொருத்தினார். அணைத்து எழுப்பினார். இந்த முறை பலகை, தேதியைச் சொல்லும்படி பணிவாகக் கேட்டது.

நாள், மாதம், வருடம். மூன்று கட்டங்கள்.

அவர் விரல் நின்றது. நான்கு மாதங்களுக்கு முந்தைய ஒரு நாளைப் போட்டால் என்ன? தான் இறப்பதற்கு முந்தைய நாள். நகரத்தில் எல்லோரும் பிறந்துவிடுவார்கள், எல்லோருக்கும் காற்று வரும், அவரும் உயிரோடு இருப்பார். தொட்டில் அறையின் ஒன்பது பேர் மட்டும் பிறந்திருக்க மாட்டார்கள். உறிஞ்சத் தொடங்கிய அறையை இனி யாரும் திறக்கவும் முடியாது. நினைத்தாரே ஒழிய, நினைத்ததற்காக அவருக்கே வெட்கமாக இருந்தது. வாழ வேண்டும் என்று ஆசையாகவும் இருந்தது. கண்ணாடிக்கு வெளியே சுதர்சன் கைகூப்பி நின்றான்.

"தம்பி, சரியான தேதியைப் போட்டா நான் செத்துருவேன், தெரியும்ல? இந்தக் கதவு எனக்குத் திறக்காது."

"நான் வெளியதானேம்மா நிக்கிறேன்! விட்டுருவேனா? எம் புள்ளையக் காப்பாத்துங்க. மிச்சத்த நான் பாத்துக்கறேன்."

அவன் பொய் சொல்லவில்லை. அந்த நிமிடத்தில் மனதாரத்தான் சொன்னான். தவமணி அன்றைய தேதியைப் போட்டார்.

நகரம் பெருமூச்சு விட்டது. காற்றுத்துளைகள் திறந்தன, கதவுகள் திறந்தன. மயங்கிக் கிடந்தவர்கள் எழுந்து உட்கார்ந்தார்கள். தொட்டில் அறையில் ஒன்பது பேரும் ஒன்றாக அழுதது நடைபாதை ஒலிபெருக்கியில் கேட்டது. சுதர்சன் தரையில் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதான். தவமணி கண்ணாடியை இரண்டு தட்டு தட்டிக் கதவைக் காட்டினார். அவன் துள்ளி எழுந்து தன் முன்கையைக் காட்டினான். 'இந்த அறைக்கு அனுமதி இல்லை' என்றது கதவு.

"ரெண்டே நிமிஷம்மா!" என்று பஞ்சநாதனிடம் ஓடினான்.

பஞ்சநாதன் பூமிக்கு அறிக்கை அனுப்பிக்கொண்டிருந்தார். பேச்சு காதில் ஏற மூன்று நிமிடம் பிடித்தது.

"பலகை அறையா? ஆள் இல்லைன்னு காட்டுதேய்யா."

"தவமணி அம்மா உள்ள இருக்காங்க சார். அவங்கதான் எல்லாத்தையும் சரி பண்ணாங்க."

பஞ்சநாதன் எண்ணைத் தட்டிப் பார்த்தார். "இறந்து நாலு மாசம் ஆச்சு."

"சார், நான் கண்ணால பாத்தேன்!"

"நீ பாத்தத எந்தக் கட்டத்துல போடறது? உயிர்காப்புக் கோரிக்கைக்கு உயிரோட இருக்கிறவங்க நம்பர் வேணும். சான்று கொடு, அடுத்த நொடி திறக்கறேன்."

"சான்றுக்கு அவங்க நேர்ல கவுண்ட்டருக்கு வரணுமே சார்."

"வரச் சொல்லு."

பஞ்சநாதன் திரையை அவன் பக்கம் திருப்பினார். கோபமில்லாமல்தான் கேட்டார். "இந்த இறப்புப் பதிவு உன் கையெழுத்துலதான் இருக்கு. உயிரோட இருந்த ஆளையா செத்ததா எழுதினே?"

சுதர்சன் மனதுக்குள் கணக்குப் போட்டான். அதிக நேரமில்லை, முக்கால் நிமிடம் இருக்கும். குழந்தையை நினைத்தான், வேலையை நினைத்தான், வேலை போனால் மூன்று பேர் காற்றுப்படி என்னாகும் என்று நினைத்தான். பிறகு, "வேற ஏதாவது வழி இருக்கா சார்?" என்று கேட்டான்.

இருந்தது. ஆளில்லாத அறையில் மறந்து வைத்த பொருளை மீட்கும் கோரிக்கை. நிரப்பினான். 'பொருளின் விவரம்' என்ற கட்டத்தில் என்ன எழுதுவதென்று தெரியாமல் 'மூச்சுமானி, ஒன்று' என்று எழுதினான். பத்து நிமிடம் கழித்து, கோரிக்கை ஏற்கப்பட்டதாகவும், இரண்டு மணி நேரத்தில் கதவு திறக்கும் என்றும் பதில் வந்தது. பலகை அறையின் அரை மணி நேரம் முடிய இன்னும் பதினொரு நிமிடம்தான் இருந்தது.

அவன் திரும்பி ஓடி, கண்ணாடிக்கு முன்னால் நின்று, "வந்துட்டே இருக்காங்கம்மா" என்றான். தவமணி தலையாட்டினார். தேதி நிற்கிறதா என்று இன்னொருமுறை பலகையைச் சரிபார்த்தார். பதினொரு நிமிடமும் முடிந்து, கதவின் தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டு நிமிர்ந்து பார்த்தார். அதற்குமேல் சுதர்சனால் அங்கே நிற்க முடியவில்லை. தொட்டில் அறைக்குப் போய்விட்டான்.

இரண்டு மணி நேரம் கழித்துக் கதவு சொன்னபடி திறந்தது. மருத்துவ இயந்திரம் அன்றைய தேதியில் ஓர் இறப்பைப் பதியப் பார்த்தது, குடிப்பதிவு மறுத்தது. ஒருவர் இரண்டு முறை இறக்க முடியாது. முந்தைய பதிவே சரியானது என்று கோப்பில் எழுதப்பட்டது. அப்டேட் திருப்தியாக இருந்ததா என்று பூமி கேட்டதற்குப் பஞ்சநாதன் ஐந்துக்கு ஐந்து கொடுத்தார்.

ஒரே ஒரு வாக்குமூலம் பாக்கி இருந்தது. 'மேற்படி நேரத்தில் பலகை அறையில் உயிருள்ள நபர் எவரும் இல்லை.' அடியில் பதிவு அலுவலர் கையெழுத்திட வேண்டும். சுதர்சன் அதை மூன்று தடவை படித்தான். அன்று முழுக்க அழுதிருந்தான். கை நடுங்கியது. நடுங்கிய கையாலேயே கையெழுத்துப் போட்டான். மாதிரியோடு அச்சாக ஒத்துப்போவதாகச் சொல்லி, இயந்திரம் அதை அந்த நொடியே ஏற்றுக்கொண்டது.