பதில் கூவல்

உடும்பஞ்சோலை ஏலக்காடு முடிகிற இடத்தில் ஜீப் நின்றபோது காலை பத்து மணி. கருத்தப்பாண்டி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார். பின்னால் இறங்கிய சோனா அவர் தம்பி முனீஸ்வரனின் மகள். இருபத்து மூன்று வருடமாக அவர் முகம் கொடுத்துப் பேசாத பிள்ளை. அப்பா விழுந்து செத்த இடத்தைப் பார்க்க வந்திருந்தாள்.

"ஒரு கைடைக் கூட்டிக்கலாமே பெரியப்பா."

"நம்ம வீட்டுச் சாவை ஊரான் வந்து கை நீட்டிக் காட்ட வேண்டாம். நான் காட்டுதேன்."

"இப்பவாவது நம்ம வீடுன்னு சொன்னீங்களே."

அவர் முகட்டை நோக்கி நடந்தார். முனீஸ்வரன் சர்ச்சுக்குப் போகிற வேதக்காரப் பெண் டின்சியைக் கட்டிய அன்றே அவன் பேரை வீட்டில் எடுக்கக் கூடாது என்றவர் அவர்.

முகடு ஒற்றையடி அகலம்தான். இரு பக்கமும் ஆழம். சில இடங்களில் பாறையைக் கட்டிப்பிடித்து, கால் பதிய இடம் தேடி, தவழ வேண்டியிருந்தது. காற்றில் ஈரப்புல் வாசனை.

"இங்கதான்," என்றார், ஓர் உடைந்த பாறையருகே.

"அப்பா விழுந்த அன்னைக்கு நீங்க எங்க இருந்தீங்க?"

"லயத்து வீட்டுலதான்."

அவள் அப்பாவுக்கு ஏற்றக் கொண்டுவந்த மெழுகுவத்தியோடு முன்னே போனாள். அப்போது மஞ்சு இறங்கியது, அடர்ந்த மூடுபனி. கை நீட்டினால் விரல் தெரியவில்லை.

எஸ்டேட் சனங்களிடம் ஒரு முறை உண்டு. மஞ்சில் வழி தப்பியவன் கூவுவான். கேட்டவன் பதிலுக்குக் கூவ வேண்டும். பதில் கொடுத்தவன், கூவியவன் வந்து சேரும்வரை இடத்தைவிட்டு நகரக் கூடாது.

சோனா கூவினாள். அவர் பதில் கொடுத்தார். குரலைப் பிடித்துக்கொண்டே தவழ்ந்து வந்து அவர் கையைப் பற்றினாள்.

மறுபடி ஒரு கூவல்.

பள்ளத்திலிருந்து.

ஆண் குரல்.

"யாரோ மாட்டிக்கிட்டாங்க," அவள் கிசுகிசுத்தாள். "பதில் கொடுங்க பெரியப்பா."

அவர் வாய் திறக்கவில்லை. மூன்றாம் முறை அந்தக் குரல் களைத்திருந்தது. கடைசியில் லேசாக உடைகிற குரல். அது அவருக்குத் தெரிந்த குரல்.

வந்த பக்கம் மஞ்சு விலகி, கீழே ஜீப் தெரிந்தது.

"நீ பைய இறங்கு."

"நீங்க?"

அவர் உடைந்த பாறையைப் பிடித்துக்கொண்டார். "அன்னைக்கு நான் லயத்துல இல்ல. இதே மாதிரி மஞ்சு. இந்தப் பாறையிலதான் இருந்தேன். உங்கப்பன் கூவினது கேட்டுச்சு. அவன்தான்னு தெரிஞ்சே வாயை மூடிக்கிட்டு இருந்தேன்."

சோனா அவர் கையை விட்டாள். தனியே இறங்கத் தொடங்கினாள். அவள் காலடி தேய்ந்து மறைந்ததும் மஞ்சு மறுபடி மூடிக்கொண்டது.

கருத்தப்பாண்டி முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தார். கூவினார்.

உடனே பதில் வந்தது. சற்றுப் பக்கத்தில்.

மீண்டும் கூவினார். கற்கள் உருண்டன. பாறையில் நகம் உரசியது.

அவர் நகரவில்லை.

இன்னொரு தடவை கூவினார். இந்த முறை பதில் இல்லை.

அவர் இடது தோளுக்கு அருகே, செங்குத்தில் ஏறி வந்த ஒருவனின் மூச்சு இரைத்தது.