ஹேண்டில் அவனிடம் இருக்கிறது

டோல்கேட் நிறுத்தத்தில் மழையோடு மழையாகப் பஸ்ஸில் ஏறினான் ஜெயவேல். ஏறின வேகத்தில், செங்கொடியின் பையிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த இரும்பு ஹேண்டில் சரியாக அவன் விலாவைப் பதம் பார்த்துவிட்டது.

"இன்னாங்க... பைக்குள்ள கடப்பாறையா வச்சிகினு வரீங்க?"

திரும்பினாள். மழைத்துளி சொட்டும் புருவம்... அதற்குக் கீழே சிரிக்கிற இரண்டு கண்கள்... ஒரு நொடி கூடுதலாகவே பார்த்துவிட்டாள். அது அவளுக்கே பிடிக்கவில்லை.

காபிக்கொட்டை அரைக்கிற கை கிரைண்டர், கெட்டுப்போச்சு, திருப்பி அனுப்பக் கூரியருக்குக் கொண்டுபோகிறேன் என்று விறைப்பாகச் சொன்னாள். வீட்டிலேயே எஸ்பிரெஸ்ஸோ போட்டுக் குடிப்பதுதான் அவளுடைய ஒரே ஆடம்பரம். கையால் அழுத்துகிற சின்ன மெஷினும் இந்த கிரைண்டரும் வந்து பத்து நாள் அமிர்தமாகக் குடித்தாள். அப்புறம் என்ன கேடோ, தூள் ரவை ரவையாக விழுந்தது. மெஷினை அழுத்தினால் காபி குழாய்த் தண்ணீராகக் கொட்டியது.

பார்க்கலாமா என்று கேட்டு வாங்கினான். காசிமேட்டில் விசைப்படகு இன்ஜின் மெக்கானிக்காம், கை சும்மா இருக்குமா? ஹேண்டிலைக் கழற்றி உள்ளே எட்டிப் பார்த்தான்.

"தண்ணி ஊத்திக் கழுவுனீங்களா?"

"பின்ன? எங்க எர்ணாவூர்ல சாம்பலும் கரித்தூளும் ஜன்னல் வழியா வந்து ஒக்காந்துக்குது. கழட்டிப் போட்டுக் கழுவாம எதை வாயில வைக்கிறது?"

அவ்வளவுதான். கண்டக்டரே திரும்பிப் பார்க்கிற மாதிரி ஒரு சிரிப்பு சிரித்தான் பாவி. பஸ் முழுக்கத் தன்னைப் பார்ப்பதுபோல் இருந்தது அவளுக்கு. கிரைண்டரைப் பிடுங்கிக்கொண்டு அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கிவிட்டாள்.

கூரியர் கடை மேஜையில் வைத்தபோதுதான் தெரிந்தது... ஹேண்டிலைக் காணோம். அது அந்தச் சிரிப்புக்காரன் கையிலேயே போய்விட்டது. அது இல்லாமல் திருப்பி அனுப்பவும் முடியாது, அரைக்கவும் முடியாது.

மறுநாளும் அவன் டோல்கேட்டில் ஏறினான். தோள்பையில் ஹேண்டிலின் மரக்குமிழ் எட்டிப் பார்த்தது. வாய் திறந்து கேட்டால் கொடுத்துவிடுவான். கேட்பாளா செங்கொடி? கழுவினது தப்பு என்று அவனிடம் போய் நிற்பதா? மூன்று நாள் பார்க்காத மாதிரி பார்த்துக்கொண்டே வந்தாள். அவனும் மூன்று நாள் வாய் திறக்கவில்லை.

நான்காம் நாள் அவன் ஏறவில்லை.

பஸ் டோல்கேட்டை விட்டு நகர்ந்ததும் திரும்பித் திரும்பிப் பின்னால் பார்த்தாள். போனது ஒரு ஹேண்டில்தானே என்று மனசுக்குச் சொல்லிப் பார்த்தாள். மனசு கேட்டால்தானே... அன்று ஆபீசில் அவள் அடித்த கப்பல் சரக்குக் காகிதங்களில் பாதிக்கு மேல் தப்பு.

ஐந்தாம் நாள் ஏறினான். கண்கள் சிவந்திருந்தன. கூட்டத்தை விலக்கிக்கொண்டு நேராக அவனிடம் போனாள்.

"நேத்து ஏன் வரல?"

ஹேண்டிலைக் கேட்கத்தான் வந்தாள். வாயில் வந்தது இதுதான்.

"படகு ஒன்னு கடல்ல நின்னுபோச்சுங்க, ரிப்பேருக்குப் போயிருந்தேன்." குரலைத் தாழ்த்தினான். "அன்னிக்கு உங்கள பாத்து சிரிக்கலீங்க. நானும் இதே மாதிரி ஒன்னு வாங்கி, மொத தபா கழுவி, துருப்புடிக்க உட்டு, தூக்கிப் போட்டவன்தான். என்னை நெனச்சிதான் சிரிச்சேன்."

அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. "கழுவுனது தப்புதான்," என்றாள், ஜன்னலைப் பார்த்துக்கொண்டு. திரும்ப மாட்டும்போது உள்ளே ஒரு ஸ்பிரிங் போட மறந்திருப்பீர்கள், அதனால்தான் தூள் பெரிசாக விழுகிறது, தேடிப் பாருங்கள், ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்து மாட்டித் தருகிறேன் என்றான் அவன்.

ஸ்பிரிங் அம்மா சொக்கம்மாளின் தையல் மெஷின் டிராயரில் கிடைத்தது. கழுவுகிற தொட்டியடியில் கிடந்ததைத் தன் மெஷினுடையது என்று எடுத்து வைத்திருக்கிறாள் புண்ணியவதி.

ஞாயிறு காலை சொன்னபடி வந்தான். ஸ்பிரிங்கை மாட்டி, கொட்டையை அரைக்கிற பல்லை நாலு கிளிக் இறுக்கி, ஹேண்டிலைப் பொருத்திச் சுற்றினான். தூள் மாவாக இறங்கியது. செங்கொடி மெஷினை அழுத்தினாள்... காபி தேன் மாதிரி மெல்ல மெல்லச் சொட்டியது, மேலே பொன்னிறத்தில் நுரை கட்டிக்கொண்டு. வீடெங்கும் வாசம். முதல் கோப்பை அம்மாவுக்குப் போனது. கசப்பு தாங்காமல் முகத்தைச் சுளித்தவள், சர்க்கரை தேடி உள்ளே போய்விட்டாள்.

"மொத நாளே ஹேண்டில குடுத்திருக்கலாமே?" என்றாள் செங்கொடி.

அவன் கோப்பையையே பார்த்தான். "குடுத்துட்டா... அப்பால நீங்க என்னாண்ட பேசவே மாட்டீங்களோன்னு பயங்க. புடிச்சிபோச்சு உங்கள. அதான் வச்சிகினே சுத்துனேன்."

வெளியே மழை பிடித்துக்கொண்டது. அவள் கிரைண்டரை எடுத்தாள். ஹேண்டிலைக் கழற்றினாள். ஈரத்துணி படாமல், காய்ந்த துணியால் பொறுமையாகத் துடைத்தாள். அவன் உள்ளங்கையில் வைத்தாள்.

"இது உன்னாண்டையே இருக்கட்டும். எனக்குக் காலைல காபி இல்லாம முடியாது... தினம் நீதான் எடுத்துகினு வரணும்."