காயாத மூலை

நேற்று முழுக்க மொட்டை மாடியில் பங்குனி வெயிலில் கிடந்த துணி இன்றும் ஒரு மூலையில் ஈரமாக இருந்தது. பக்கத்தில் காயப்போட்ட பேன்ட் அப்பளம் போல விறைத்துக் கிடக்க, தரையில் கால் வைக்க முடியாமல் பிருந்தா மாற்றி மாற்றி நின்றாள். ஊதா நிறப் பாலியெஸ்டர். சீக்கிரம் காய வேண்டிய துணி. மூலையைப் பிழிந்தாள். தண்ணீர் விரலிடுக்கில் வழிந்து சிமென்டில் விழுந்தது. அந்தச் சூட்டிலும் அது வற்றாமல் அப்படியே நின்றது.

மகன் ஸ்ரீராகவுக்கு ஊதாதான் வேண்டும். பள்ளியில் சேர்ந்த நாளிலிருந்து அவனை யாரும் எதற்கும் கூப்பிட்டதில்லை. ஒரு சொல்லைச் சொல்ல அவன் திக்கித் திணறி முடிப்பதற்குள் மற்றப் பிள்ளைகள் ஓடிப் போய்விடுவார்கள். இப்போது அடுத்த தெரு ஹம்ஸினியின் பிறந்தநாளுக்கு, கார்ட்டூன் வேஷத்தில் வரச் சொல்லிக் கூப்பிட்டிருந்தார்கள். அவன் கேட்டது டார்காசுரன் வேஷம்: வெள்ளை முகம், வளைந்த கொம்பு, தரையைக் கூட்டும் ஊதா அங்கி, உலகத்தை மிரட்டி மூச்சுவிடாமல் பேசும் வில்லன்.

பலூன் மேல் செய்தித்தாளை மைதாப் பசையால் ஒட்டி முகமூடியைச் செய்துவிட்டாள். கொம்புக்கு அட்டைச் சுருள். ஊதாத் துணிதான் சேரன்மகாதேவிக் கடைகளில் கிடைக்கவில்லை. நேற்றுக் காலை ஆற்றுக்குக் குளிக்கப் போனபோது இந்தத் துணி படித்துறைக் கல்லில் சிக்கிக் கிடந்தது. மேலே பாபநாசத்தில் தலை முழுகுகிறவர்கள், உடுத்திய துணியோடு தங்களைப் பிடித்த பீடையையும் ஆற்றில் விட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போவார்கள். அது இங்கே மிதந்து வந்தால் யாரும் கையால் தொடுவதில்லை, காலால் தள்ளிவிடுவார்கள். பிருந்தா சுற்றிலும் பார்த்தாள். துணியைத் தன் சேலைக்கு அடியில் வாளிக்குள் வைத்துக்கொண்டாள்.

கீழ்வீட்டுக் கமர் நிஷா தையல் மிஷினை நிறுத்திவிட்டு நிமிர்ந்தாள்.

"ஈரத்துணிய மிஷின்ல ஏத்தச் சொல்லுதியாட்டி?"

"காயப் போட்டுத்தான்க்கா கொண்டாந்தேன்."

"பாசி வாடை அடிக்கி. எங்கன எடுத்த?"

"டவுன்ல."

"டவுன்ல எந்தக் கடைலட்டி துணியோட மீனும் விக்காவ?" என்று சிரித்தபடியே கமர் நிஷா தைக்க ஆரம்பித்தாள்.

முடித்தபோது சிரிப்பு இல்லை. விரல் நுனிகள் வெகுநேரம் தண்ணீரில் ஊறியவை போல வெளுத்துச் சுருங்கியிருந்தன. அவற்றை முந்தானையில் திரும்பத் திரும்பத் துடைத்தாள்.

"பிள்ளைக்கு இதப் போட்டு விடாத, கேட்டியா? வேஷம் இல்லாட்டி என்ன, போவட்டும்."

பிருந்தா தலையை ஆட்டிவிட்டு அங்கியை மேலே எடுத்துப் போனாள். அளவு மட்டும் பார்த்துவிட்டுக் கழற்றிவிடலாம் என்று நினைத்தாள். ஸ்ரீராகவ் கண்ணாடி முன்னால் நின்றான். அவள் அவன் கழுத்தில் நாடாவைக் கட்டினாள்.

"நல்லா இருக்கும்மா. தோள்ல மட்டும் கொஞ்சம் லூசா இருக்கு," என்றான்.

ஒரு எழுத்தும் சிக்கவில்லை. பிருந்தாவின் கை அந்தரத்தில் நின்றது.

"என்னலே சொன்ன?"

"தோள்ல லூசா இருக்குன்னேன். ஹா ஹா! பூமியே என் காலடியில்! சரியா சொன்னேனாம்மா?"

அவள் நாடாவை அவிழ்த்தாள். "அ... அ... அம்..." என்று அவன் திணறினான். மறுபடி கட்டினாள்.

"இறுக்கிக் கட்டும்மா," என்றான் தெளிவாக. "போன தடவ அவுந்துபோச்சு."

போன தடவை அவள் அவிழ்த்ததைத்தான் சொல்கிறான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

பிறந்தநாளான சனிக்கிழமை சாயங்காலம் அங்கியைக் கையில் சுருட்டிக்கொண்டு வாசலில் நின்றாள். ஆற்றுக்குப் போய் விட்டுவிட்டு வந்துவிடலாம், நடந்தால் பக்கம்தான். துணி கையில் கனத்தது. முழங்கையிலிருந்து தண்ணீர் சொட்டியது. ஸ்ரீராகவ் முகமூடியைப் பிடித்தபடி ஓடிவந்தான். "அ... அது... எ... எ..." அடுத்த சொல்லுக்காக அவன் கழுத்து நரம்பு புடைத்தது. கண் கலங்கியது.

பிருந்தா அங்கியை உதறி அவனுக்குப் போட்டாள். இறுக்கிக் கட்டினாள்.

பிறந்தநாள் வீட்டில் அவன் குரல் தெரு வரை கேட்டது. மிரட்டினான், சிரித்தான், பிள்ளைகள் கூடவே கத்தினார்கள். கேக்கைக்கூடத் தொடவில்லை, முகமூடியைக் கழற்றவில்லை.

"இவனையா பேச மாட்டாம்னாவ? வாயை மூடவே மாட்டேங்கானே!" என்று ஹம்ஸினியின் அம்மா ஜயலக்ஷ்மி சிரித்தாள். பிருந்தாவும் சிரித்தாள். வெகுகாலத்துக்குப் பிறகு.

திரும்பும்போதும் பேசிக்கொண்டே வந்தான். அவளுக்குத் தெரியாத பெயர்கள் வந்தன. அவள் போகாத படித்துறைகள். தெருவிளக்குகள் எரியத் தொடங்கியிருந்தன. பின்னால் திரும்பிப் பார்த்தாள். தார் ரோட்டில் சின்ன ஈரக் காலடிகள். ஜூஸைக் கொட்டியிருப்பான்.

கதவைச் சாத்தியதும் நாடாவை அவிழ்த்தாள். பேச்சு நின்றது.

அங்கி கையில் இறகு போல இருந்தது. மூலையைத் தடவிப் பார்த்தாள். காய்ந்திருந்தது. மொட்டை மாடியிலிருந்து அப்போதுதான் எடுத்தது போலச் சுடச்சுடக் காய்ந்திருந்தது. ஆணியில் மாட்டினாள்.

முகமூடியைத் தொட்டாள். கையோடு பிய்ந்து வந்தது. நனைந்த காகிதக் கூழ். ஒரு கொம்பு தொப்பென்று விழுந்தது.

உள்ளே அவன் முகம். வெளுத்து, சுருங்கி, கமர் நிஷாவின் விரல் நுனிகளைப் போல. தலைமுடியிலிருந்து தண்ணீர் சொட்டியது.

துண்டை எடுத்துத் துடைத்தாள். துண்டு நனைந்தது. வேறு துண்டு. அதுவும். சேலையால் துடைத்தாள். பாசி வாடை. துடைக்கத் துடைக்க ஊறியது. நெற்றியில். கழுத்தில். இமைகளுக்கு அடியில்.

"ராகவ். ஏலே. பேசுலே."

வாயைத் திறந்தான். "அ..."

தண்ணீர் வந்தது.

"அம்மா," என்றது அவன் குரல்.

அவள் முதுகுக்குப் பின்னால். ஆணிப் பக்கமிருந்து. ஒரு எழுத்தும் சிக்காமல்.

"இறுக்கிக் கட்டும்மா. போன தடவ அவுந்துபோச்சு."

பிருந்தா திரும்பவில்லை. தண்ணீர் அவள் பாதத்தைத் தொட்டது. அவளைத் தாண்டி ஆணியில் தொங்கிய அங்கியைப் பார்த்தபடி, சட்டை மாட்டிவிடச் சொல்லும் பிள்ளையைப் போல, ஸ்ரீராகவ் பைய இரண்டு கைகளையும் உயர்த்தினான்.