இரண்டு வீட்டுக்கு ஒரு புகைபோக்கி

சாமி விளக்கின் சுடர் உள்பக்கமாகச் சாய்ந்து நின்றது.

"இஞ்சாருங்கோ, காத்து எங்கால வருது?" என்றாள் சிவனேஸ்வரி.

இரத்தினசிங்கம் எழுந்து பார்த்தார். யன்னல் பூட்டியிருந்தது. சுடர் சாய்ந்த பக்கம் வெறும் செங்கற்சுவர். அதற்குப் பின்னால் யாரோ வாயை வைத்து மெல்ல உறிஞ்சுவது போலச் சுடர் நீண்டு, மெலிந்து, நடுங்கியது.

இந்த வீட்டைப் பற்றிச் சொல்லத்தான் வேண்டும். 1978இல் சிட்னியில் இருந்த நம் இலங்கைத் தமிழர் கொஞ்சப் பேரும் ஹோம்புஷ் பக்கம் பூந்தோட்டத்தோடு வீடு தேடிக்கொண்டிருந்தபோது, எஞ்சினியர் இரத்தினசிங்கம் நியூட்டவுனில் விக்டோரியா மகாராணி காலத்து வரிசை வீடுகளில் ஒட்டிய இரண்டை வாங்கினார். சவர்க்காரத் தொழிற்சாலைத் தொழிலாளருக்காகக் கட்டியவை. முகப்பில் இரும்புப் பூவேலை, உள்ளே ஈரம். கட்டுவித்த முதலாளி மகா கருமி. இரண்டு வீட்டுக் கணப்படுப்புகளையும் முதுகோடு முதுகாக வைத்து, நடுவில் ஒற்றைக்கல் சுவர் எழுப்பி, இரண்டுக்குமாக ஒரே புகைபோக்கியோடு முடித்துவிட்டான்.

தம் பக்கத்துக் கணப்படுப்பைச் சாமி மாடமாக்கிவிட்டு, வருகிறவர்களுக்கெல்லாம் காட்டிப் பெருமைப்பட்டார் இரத்தினசிங்கம். பிள்ளையாரின் தலையில் கரி கொட்டியது. மேலே தகரம் வைத்து அடைத்தார். கரி நின்றுவிட்டது. அதன் பிறகும் கூரையேறிப் புகைபோக்கியின் வாயைச் சீமெந்துப் பலகையால் மூடினாரே, அது எந்தப் பிள்ளையாருக்காக?

வாங்கிய மற்ற வீட்டில் பழைய வாடகைக்காரி மிஸஸ் டொய்ல் இருந்தாள். புருஷன் அந்தத் தொழிற்சாலையில் உழைத்துச் செத்தவன். பழைய வாடகைச் சட்டப்படி அவளை எழுப்ப முடியாது. இரத்தினசிங்கத்தின் தம்பி யோகேஸ்வரனோ கலவரத்துக்குத் தப்பிக் குடும்பத்தோடு வரவிருந்தான். சிட்னிக்குக் குளிர்காலமான ஜூனில் கிழவி கரி மூட்டிவிட்டுக் கதிரையில் இருந்தபடியே போய்ச் சேர்ந்தாள். புகைபோக்கியைக் குருவிக்கூடு அடைத்திருக்கும் என்றது பொலிஸ். செத்தவீட்டுக்கு இரத்தினசிங்கம் மீன் கட்லட் கொண்டுபோனார்.

பலகையை எடுத்திருக்கலாம். ஏன் கூரையேறினாய் என்று தெரு கேட்குமே! தம்பி அந்த வீட்டுக்கு வந்ததும் மின்சார ஹீற்றர் ஒன்றைக் கொடுத்து, "அந்த அடுப்பில மட்டும் கை வையாதை" என்று சொல்லி வைத்தார்.

இப்போது சுவருக்குள்ளிருந்து கரி வாசம் வந்தது. கூடவே, இரும்புக் கம்பியால் தணலைக் கிளறும் ஓசை.

சுவரில் வாயை வைத்தார். "யோகேசு! என்னடா செய்யிறாய்?"

"ஹீற்றர் நிண்டுபோச்சு அண்ணை. அடுப்பை மூட்டிப்போட்டம். நீங்கள் வாசல்ல வைச்ச கரி என்ன மாதிரிப் பத்துது!"

இரத்தினசிங்கம் கரி வைக்கவில்லை.

அணை என்று கத்தியிருக்கலாம். ஏன் என்பான். ஏன் என்று தெரிந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் ஹோம்புஷ் முழுக்கத் தெரிந்துவிடும்.

"யன்னலைக் கொஞ்சம் திற."

"இறுகிப்போய்க் கிடக்குது. சின்னவள் படுத்திட்டாள். எங்களுக்கும் நல்ல நித்திரை வருது."

பலகையை உடைத்தால் போதும். புகை தானாகப் போய்விடும். ஒருவருக்கும் ஒன்றும் தெரியவராது. சுத்தியலை எடுத்துக்கொண்டு பின்வளவுக்கு ஓடி ஏணியைச் சாய்த்தார்.

"இந்த இருட்டுக்க கூரையில என்ன?" என்று கீழிருந்து சிவனேஸ்வரி கேட்டாள்.

"ஒழுகுது!"

"மழையே இல்லையே!"

கூரைத் தகரம் பனியில் வழுக்கியது. தவழ்ந்து போனார். ஓங்கி அடித்தார். பலகை பிளந்து உள்ளே விழுந்தது.

புகை வரவில்லை.

ஏதோ குறுக்கே சிக்கியிருக்கிறது. உடைந்த துண்டாக இருக்கும். கையை விட்டார். சூடு. முழங்கை வரை. தோள் வரை. அகப்பட்டது. பற்றி இழுத்தார்.

அது விரல்களாக விரிந்து அவரது மணிக்கட்டைப் பிடித்தது.

ஒரே இழுப்பு. நெஞ்சு புகைபோக்கியின் வாயில் வந்து அப்பியது. ஓர் இடுக்கு மிச்சமில்லை. பலகை கிடந்த இடத்தை அவரது உடம்பு அச்சொட்டாக அடைத்தது.

இப்போது கத்தினார். "அணையடா! யோகேசு! வெளிய ஓடுங்கோ!" குரல் கரிக்குள் அமுங்கியது.

கீழே தம்பி இருமுவது கேட்டது. பிறகு அவன் மனைவி. பிறகு பிள்ளை.

பிறகு ஒருவரும் இல்லை.

பிடித்த கை பிடித்தபடியே இருந்தது. இருட்டுக்குள்ளிருந்து இன்னொரு கை, சுருங்கிய கை, மேலே வந்து அவரது புறங்கையை மெதுவாகத் தட்டிக்கொடுத்தது. செத்தவீட்டில் ஆறுதல் சொல்ல வருகிறவர்கள் தட்டுவது போல. மறுபடி. மறுபடி.